ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கூலன்ட்டையும் பாருங்கள் – நம் அனுபவங்கள்

பொள்ளாச்சி உறுப்பினர்:

மாமா செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வண்டி (கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்தான் டார்க் கன்வெர்ட்டர்). சமவெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. மைலேஜ் மட்டும் குறைவு, டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவுக்குக் கீழேயே நிற்கும், அதை யாரும் கோளாறாக நினைக்கவில்லை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதில் பாதிகூடத் தாண்டவில்லை, முள் மளமளவென்று மேலே போகிறது, கியர் மாறும்போதெல்லாம் உதறல், கூடவே கருகிய வாடை.

முள் சிவப்பைத் தொடாததால் வண்டியை ஓரம் கட்டி, பி-யில் போட்டு, ஏசியை அணைத்துவிட்டு இன்ஜினை மட்டும் ஓடவிட்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கியர் பாக்ஸ் ஆயில் பம்ப் இன்ஜினோடுதான் சுற்றும், அணைத்துவிட்டால் சூடான ஆயில் கூலருக்குப் போகாமல் உள்ளேயே நின்று வேகும். முள் சிவப்புக்கே போய்விட்டால் கதை வேறு, உடனே அணைத்துவிட வேண்டும்.

கீழே வந்து பிரித்துப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை, அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வ்! முன்பு வைத்திருந்தவரிடம் யாரோ 'நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்' என்று கழற்றிப் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்கு (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பதில் போர்வெல் தண்ணீர், உள்ளே முழுக்க உப்புப் படிவம். இந்தப் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது செய்யும் கெடுதலைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வண்டியில் கியர் ஆயிலைக் குளிர்விப்பதும் சூடேற்றுவதும் இன்ஜின் கூலன்ட்தான், இரண்டும் ஒரே கூலரில் பக்கத்துப் பக்கத்து அறையில் ஓடுகின்றன. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சமவெளியில் இரண்டுமே சூடாகாது, சூடாகும் வரை டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாது, அதாவது இன்ஜினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளாது, வழுக்கிக்கொண்டே ஓடும், மைலேஜ் போனது அதனால்தான். மலையில் நேர் எதிர். மெதுவாக ஏறும்போது கன்வெர்ட்டர் வழுக்கும் சூடு முழுக்க ஆயிலில் இறங்குகிறது, அடைத்துப்போன ரேடியேட்டரால் அதை இழுக்க முடியாது. ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் பிசுக்குப் படியும். எங்களுக்கு வந்த ஆயில் புது ஆயில் மாதிரி சிவப்பாக இல்லை, கரும்பழுப்பு.

புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, கம்பெனி சொன்ன கூலன்ட், எல்லாம் போட்ட பிறகுதான் ஆயிலைத் தொட்டோம். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி மாற்றினோம். உதறல் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது மலை ஏறும்போது 'டி'-யில் விடாமல் இரண்டாவது கியரைப் பிடித்து வைக்கிறோம், கியர் பாக்ஸ் மேலும் கீழும் கியரைத் தேடிக்கொண்டே இருப்பது நின்றுவிட்டது.

மதுரை உறுப்பினர்:

அண்ணா, உங்களுக்கு ஆயில் வெளியே வந்தபோது கரும்பழுப்பு, எங்களுக்கு ரோஸ்மில்க். சில வண்டிகளில் ஆயில் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும், வெளியே இரண்டு ஆயில் குழாய் மட்டும் தெரியும். உள்ளே அந்தத் தடுப்பு அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர் பாக்ஸுக்குப் போகும், இளஞ்சிவப்பில் நுரை நுரையாக ஆகிவிடும். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் பேப்பர் போன்ற உராய்வுப் படலத்தை, கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் ஊறவைத்து உரித்துவிடும், அதன் பிறகு எத்தனை தடவை ஆயில் மாற்றினாலும் வீண். என் அண்ணன் வண்டிக்கு கியர் பாக்ஸை முழுக்கப் பிரிக்கவேண்டி வந்தது, அந்தச் செலவில் பல ரேடியேட்டர் வாங்கியிருக்கலாம். ரிசர்வ் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது கூலன்ட் எங்கும் ஒழுகாமலே குறைந்தால், தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள், டோ பண்ணிக் கொண்டு போங்கள். பழைய வண்டி என்றால் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றுவதுதான் என் கருத்து.

சென்னை உறுப்பினர்:

நான் சிவிடி (கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோமேட்டிக்) ஓட்டுகிறேன், ஓஎம்ஆர் டிராஃபிக்கில் தினமும். சர்வீஸ் சென்டரில் 'இது லைஃப்டைம் ஆயில் சார், தொட வேண்டாம்' என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் வரும் 8 கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர்கள் பேச்சைக் கேட்பதா, வாரண்டி முடிந்ததும் நம்மை மறந்துவிடுபவர்கள் பேச்சையா?

இரண்டு விஷயம் மட்டும். சிவிடிக்கு சிவிடி ஆயில்தான், சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களுக்கான ஆயில்) ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேய்ந்துவிடும், எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்று யாராவது எடுத்து வந்தால் விடாதீர்கள். அப்புறம் ஆயில் லெவல். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) இல்லாத பெட்டிகளில் வண்டியைச் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் கம்பெனி சொன்ன சூட்டில் இருக்கும்போதுதான் லெவல் பார்க்கும் செக் போல்ட்டைத் திறக்க வேண்டும், பல வண்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து சூட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் தெரியாது. சூடு அதிகமாக இருக்கும்போது திறந்தால் ஆயில் விரிந்து தேவைக்கு மேல் வழிந்துவிடும், ஆறிய பிறகு உள்ளே குறைவாக இருக்கும். ஸ்கேனர் இல்லாத இடம் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்படாதீர்கள், அது கிளட்ச்சைத் தானே மிதிக்கும் மேனுவல் கியர் பாக்ஸ், அதில் ஏடிஎஃபும் இல்லை, அதற்கான கூலரும் இல்லை. கூலன்ட் விஷயம் மட்டும் எல்லோருக்கும் பொது, கம்பெனி சொன்னதையே கான்சென்ட்ரேட்டாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

பொள்ளாச்சி அண்ணா, மாமா வண்டிக்கு லெவல் எங்கே பார்த்தீர்கள்? கோவைப் பக்கம் சூடு பார்த்துச் செய்யும் இடம் இருந்தால் சொல்லுங்கள், தம்பி வண்டி அங்கேதான் இருக்கிறது.