புதுப்பிப்பு: பேகுன்தே ஏறியாச்சு

சியோலில் எனக்கு இது முதல் வசந்தம். புக்கான்சான் மலையின் உச்சிச் சிகரமான பேகுன்தேவுக்கு ஏற, ஓடும்போது போடும் ஷூ போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போதாது. ஷூவை மாற்றிக்கொண்டுதான் சனிக்கிழமை போனேன்.

ஊயி மெட்ரோ நிலையத்திலிருந்து தோசொன்சா கோயில் வரை தார்ச்சாலை, அப்புறம் கல்படிகள். 836 மீட்டர்தானே என்று அலட்சியமாக இருந்தேன். கடைசிப் பகுதி மொட்டைக் கருங்கல் பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். கையுறை வாங்கச் சொன்னவருக்கு ஒரு கும்பிடு! கம்பி பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. கீழே வியர்வை, மேலே நடுக்கம். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயம்.

வழியெல்லாம் ஜிந்தால்லே பூ, இலை வருவதற்கு முன்பே இளஞ்சிவப்பாக. இதைத் தின்னலாமாம், ஆனால் கொஞ்சம் தாமதமாகப் பூக்கும், இதே சாயலில் உள்ள சொல்ச்சுக் பூ நஞ்சு. எனக்கு வித்தியாசம் தெரியாது, தொடவில்லை.

உச்சியில் பறக்கும் கொரியக் கொடியருகே படமெடுக்க நீண்ட வரிசை. முன்னால் நின்ற பாட்டி கேட்காமலே வெள்ளரிக்காய் நீட்டினார். வயது எழுபதாவது இருக்கும். இறங்கும்போது என்னைத் தாண்டிப் போய்விட்டார்.