மறு: புகையாக்கியா, பனிமூட்டியா? வீட்டில் செய்யும் மூடுபனிக் கருவிக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘புகையாக்கி’ என்றே வைத்துவிடலாம். மேடையில் வருவதை எல்லோரும் புகை என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், உண்மைதான். கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வெள்ளைக்குள் நடந்து வரும்போது நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இந்தச் சொல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் செய்முறைக் குறிப்பில் வரப்போகிறது. அங்கே ‘புகை’ என்று எழுதினால், சோதனை எதைக் காட்ட வருகிறதோ அதைப் பெயரே மறைத்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எங்கள் மாலை வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். அகல வாய்க் கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றி, இரண்டு விரல் அளவு வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டினோம். ஊதுவத்திப் புகையை ஒரு நொடி உள்ளே விட்டு, டீ வடிகட்டியில் உடைத்த ஐஸைப் போட்டு பாட்டிலின் வாயில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பாட்டில் வெளுத்தது. உடனே ஒரு பையன், “ஊதுவத்திப் பொகைதான் சார் இது, பெருசா ஆய்டுச்சு” என்றான். அவன் அப்பாவுக்கு காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வேலை. அறைக் கதவைத் திறந்தால் தரையோடு உருண்டு வருவதை அவர் ‘ஐஸ் பொகை’ என்பாராம்.

நியாயமான சந்தேகம். ஊதுவத்தி இல்லாமல் இன்னொரு முறை செய்தோம். வெளுப்பு மெலிதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. நீராவி ஒட்டித் துளியாக ஓர் இடம் வேண்டும். புகைத்துகள் அந்த இடம், அவ்வளவுதான். அப்புறம் வடிகட்டியை எடுத்தோம். பாட்டில் வாயைத் தாண்டிய வெளுப்பு நான்கு விரல் உயரத்திலேயே காணாமல் போனது. பக்கத்தில் ஏற்றி வைத்த ஊதுவத்தியின் புகையோ பரண் வரைக்கும் போனது. பிள்ளைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

உலர்பனிக்கட்டியிலும் (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) இதே கதைதான். மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் அது பதங்கமாகிறது, அதாவது உருகாமல் நேரே வாயுவாகிறது. வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது அந்தக் குளிரில் திரண்ட நீர்த்துளிகளை. (மூடிய அறையில் அதைச் செய்தால் மூச்சு முட்டும், கையில் பட்டால் தோல் புண்ணாகும். பிள்ளைகளுக்குச் சாதா ஐஸே போதும்.)

இன்னொன்று, வடசென்னையில் ‘புகை மெஷின்’ என்றால் கொசு மருந்துதான். வியாசர்பாடித் தெருவில் அந்தச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவார்கள். ‘பனிப்புகை’யும் ஆகாது. போகி விடியலில் பனியும் டயர் புகையும் கலந்து நெஞ்சை அடைக்கிறதே, அதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது.

‘பனிமூட்டி’ நான் சொன்னது; திரும்பப் பெறுகிறேன். பனிமூட்டத்தில் உள்ள ‘மூட்டம்’ மூடு என்பதிலிருந்து வருவது, ஓடு–ஓட்டம் போல. ‘மூட்டு’ என்ற வினையோ மூள் என்பதன் பிறவினை, மீள்–மீட்டு போல. அடுப்பைத்தான் மூட்டுகிறோம். இங்கே இதைச் சுட்டிக்காட்டிய அம்மையாருக்கு நன்றி. நெருப்பில்லாமல் வருவது இது என்று காட்டத்தான் இவ்வளவு பாடு, அதன் பெயரில் நெருப்பு வரக் கூடாது. மேகம், பனி என்று பொருள்படும் ‘மஞ்சு’ எனக்கு மிகவும் பிடித்த பழஞ்சொல். ஆனால் பிள்ளைகள் காதில் பெண் பெயராகவே விழும்.

ஆகவே, வீட்டில் செய்வதற்கு ‘மூடுபனிக் கலன்’, ஹீட்டர் வைத்த மேடைக் கருவிக்கு ‘மூடுபனிப் பொறி’ என்று முன்வைக்கிறேன். மேடைக் கருவியில் வருவதும் கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்த நீரின் துளிகள்தான். பார்வை ஒரு கிலோமீட்டருக்குள் குறைந்தால்தான் வானிலைக் கணக்கில் மூடுபனி. பாட்டிலுக்கு அது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது அடர்த்திக்கு வைத்த அளவு. பொருள் இரண்டிலும் ஒன்றே, காற்றில் மிதக்கும் நீர்த்துளி.

‘கலன்’ சரியா, ‘குப்பி’ இன்னும் எளிதா? அதை மட்டும் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். குறிப்பு அச்சுக்குப் போகிறது.