கைக்கு 58,000 வருகிறது: டவுனில் இடம் வாங்கிக் கட்டலாமா, அம்மா நிலத்தில் கட்டலாமா?

பார்வதிபுரம் வாசி

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் தனியார் வேலை. பிடித்தம் எல்லாம் போக மாதம் 58,000 கைக்கு வரும். மனைவிக்கு இப்போது வேலை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர், மூணாம் கிளாஸும் எல்கேஜியும். அம்மாவும் எங்களோடுதான்.

மாதச் செலவு: வாடகை 9,500, பள்ளிக்கூடமும் வேனும் 7,500, மளிகை, மீன், பால், கேஸ் 16,000, கரண்ட், போன் 2,500, பெட்ரோல் 3,500, அம்மா மருந்து 3,000, இன்சூரன்ஸ் 2,500, கல்யாண வீட்டுச் சுருள் (மொய்), கோயில் கொடை வரி என்று சராசரி 3,000. மொத்தம் 47,500. மிச்சம் 10,500.

சேமிப்பு 9 லட்சம் இருக்கிறது. டவுனை ஒட்டி சென்ட் 4 லட்சம் என்று 5 சென்ட் சொல்கிறார்கள். அதில் 1,100 சதுர அடி கட்ட நினைக்கிறோம். பேங்கில் 33 லட்சம் வரை லோன் தருவதாகச் சொன்னார்கள். அம்மா பேரில் மார்த்தாண்டம் பக்கம் 7 சென்ட் உண்டு, ஆபீஸிலிருந்து 30 கிலோமீட்டர். மனைவிக்குப் பிள்ளைகள் படிப்பை நினைத்து டவுனில்தான் விருப்பம். இந்தச் சம்பளம் தாங்குமா?

கணக்குப்புள்ளை

டவுன் திட்டத்தை இந்தச் சம்பளம் தாங்காது. கூட்டிப் பாருங்கள்.

இடம் 20 லட்சம். பத்திரப்பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம், 1.80 லட்சம். கட்டட ரேட் சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் 1,100 அடிக்கு 25.30 லட்சம். காண்ட்ராக்டர் சொல்லும் ரேட்டில் கிணறோ போரோ, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், மின் இணைப்பு எதுவும் அநேகமாக வராது. அதற்கு 4 லட்சம். எல்லாம் சேர்த்து 51 லட்சம். கையிருப்பு 9 லட்சத்தைக் கடைசி ரூபாய் வரை போட்டாலும் 42 லட்சம் கடன் வேண்டும். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 42 லட்சத்துக்கு இஎம்ஐ 36,450. உங்களிடம் இருப்பது மிச்சம் 10,500, வாடகை நின்றால் வரும் 9,500, மொத்தமே 20,000.

பேங்க் சொல்லும் 33 லட்சம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சம்பளத்தில் பாதி இஎம்ஐக்குப் போகலாம் என்று வைத்து, 29,000-ஐ 868-ஆல் வகுத்தால் 33 லட்சம். அந்தக் கணக்கில் அம்மாவின் மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் இடமே இல்லை. திருப்பிக் கட்டுவீர்களா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. கட்டிய பிறகு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

20,000 முழுவதையும் இஎம்ஐக்குக் கொடுக்கவும் கூடாது. 20 லட்சம் கடன், இஎம்ஐ 17,360, இதுதான் உங்கள் எல்லை. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் அதே கடனுக்கு 18,640 ஆகும், அப்போதும் சமாளிக்கலாம். சேமிப்பில் 2 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். ஆக மொத்தத் திட்டம் 27 லட்சத்துக்குள் நிற்க வேண்டும். சென்ட் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடைத்தால் 4 சென்ட், பதிவு, 750 சதுர அடி வீடு, இதர வேலை 2.5 லட்சம் எல்லாம் சேர்த்து 26.30 லட்சத்தில் முடியும்.

அம்மா நிலம் என்றால் அதே 750 அடி வீடு, பத்திரச் செலவு உட்பட 20.25 லட்சம். 7 லட்சம் கையிலிருந்து, 13.25 லட்சம் கடன், இஎம்ஐ 11,500. முன்பு சொன்ன 17,360-ஐ விட மாதம் கிட்டத்தட்ட 5,900 குறைகிறது. தினமும் 60 கிலோமீட்டர் பைக் என்றால் மாதம் 1,500 கிலோமீட்டர், 30 லிட்டர் பெட்ரோல், 3,000-க்கு மேல். அதைக் கழித்தாலும் லாபம்தான். குழித்துறையிலிருந்து ரயில் சீசன் டிக்கெட் உங்கள் ஆபீஸ் நேரத்துக்கு ஒத்து வந்தால் இன்னும் குறையும்.

வீட்டுக் கடன் எடுத்தால் வருமான வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்க வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில், சம்பளக்காரருக்கு வருடம் 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. வராத வரியில் மிச்சம் பிடிக்க முடியாது. வட்டிக்கு 2 லட்சம் கழிவு பழைய முறையில் மட்டும்தான்.

தக்கலை சைட்

கணக்குப்புள்ளை சார் சொன்ன எண்கள் சரி. ஆனா குடும்பங்கள் தடுமாறுறது வீடு கட்டி முடிச்ச பிறகு இல்லை, கட்டுற அந்தப் பத்துப் பன்னிரண்டு மாசத்துலதான். ஒரு பக்கம் வாடகை நிக்காது, இன்னொரு பக்கம் பேங்க் விட்ட பணத்துக்கு வட்டி ஓடும். 8 லட்சம் விட்டிருந்தா மாசம் 5,670. 16 லட்சம் ஆனா 11,330. முழு 20 லட்சமும் வந்தாச்சுன்னா 14,170. உங்க மிச்சம் 10,500தான். கடைசி மூணு மாசம் துண்டு விழும், வேலை இழுத்தா ஒவ்வொரு மாசமும் விழும்.

இழுக்கிறதுக்கு நம்ம ஜில்லாவுல முதல் காரணம் மழை. இங்கே ஜூன், ஜூலையில ஒரு மழை, அக்டோபர், நவம்பர்ல இன்னொரு மழை. சித்திரையில அஸ்திவாரம் தோண்டினா கான்கிரீட் போடுற நேரத்துல மழை பிடிச்சுக்கும். மார்கழி கடைசியில, இல்லேன்னா தைப் பிறப்புக்கு வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, ஏப்ரல் பாதிக்குள்ள மேல்தளம் போட்டுடணும். தளத்துக்கு முட்டு 14 நாளாவது நிக்கட்டும். மழை தொடங்கும்போது கூரைக்குக் கீழே உள்பூச்சு, வயரிங் ஓடிக்கிட்டிருக்கணும்.

ரெண்டாவது காரணம் பணம் வர்ற வரிசை. பேங்க் ஒரு கட்டம் முடிஞ்ச பிறகுதான், இன்ஜினியர் பார்த்து அடுத்த தவணையை விடும். காண்ட்ராக்டர் கட்டம் தொடங்கும்போதே கேப்பார். இந்த இடைவெளிக்கு 2, 3 லட்சம் சுழலணும். இது இல்லாமதான் பல சைட் லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் உத்தரம்) மட்டத்துல நிக்குது. ஒப்பந்தம் எழுதும்போதே பேங்க் வச்சிருக்கிற கட்டங்களையே காண்ட்ராக்டர் தவணையாகவும் எழுதிடுங்க. மிச்ச இடைவெளிக்கு நகையை வித்துடாம, அடகு வச்சு தவணை வந்ததும் மீட்டுடலாம்.

750 அடிக்கு சிமெண்ட் அடிக்கு 0.4 மூட்டை வச்சா 300 மூட்டை, கம்பி அடிக்கு 3.5 கிலோ வச்சா 2.6 டன். மேல மாடி எடுக்கிற எண்ணம் இருந்தா அஸ்திவாரமும் தூணும் இப்பவே அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும், கம்பி கூடும். பிறகு சேர்க்க முடியாத செலவு அது ஒண்ணுதான். காம்பவுண்ட், டைல்ஸ் படி, அலமாரிக் கதவு எல்லாம் பிறகு செய்யலாம். முன்வாசலுக்கு மட்டும் அயனி மரம், உள்ளே சிமெண்ட் நிலை போதும்.

ஜல்லி, எம்-சாண்ட் யூனிட் கணக்குல வரும். ஒரு யூனிட் 100 கன அடி. லாரிப் பெட்டியோட நீளம், அகலம், சரக்கு நிக்கிற உயரம் மூணையும் அடியில அளந்து பெருக்கி நூறால வகுங்க. கொட்டுறதுக்கு முன்னாடி அளக்கணும்.

அம்மா நிலத்துக்குப் போற வழி எவ்வளவு அகலம்? மேற்கே பல பறம்புகளுக்கு (தோட்ட மனைகளுக்கு) நடைவழிதான் இருக்கும். லாரி உள்ளே போகலேன்னா கல்லு, மணல், கம்பி எல்லாம் ரோட்டுல இறக்கித் தலைச்சுமையா போகணும், அடிக்கு 2,300ங்கிற ரேட்டு நிக்காது. முதல்ல டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் வழியை அளந்து பாருங்க.

பத்திரம் குமரி

அம்மா நிலம் பற்றி மட்டும் சொல்கிறேன். அம்மா உங்களுக்கு செட்டில்மெண்ட் பத்திரம் (குடும்பத்துக்குள் விலை வாங்காமல் எழுதிக் கொடுப்பது) எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கிரயத்துக்கு 9 சதவீதம் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 7 சென்ட் அம்மாவுக்கு எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி. அம்மாவே கிரயம் வாங்கியது, அல்லது பாகப்பத்திரத்தில் தனியாக வந்தது என்றால் சிக்கல் இல்லை. தாத்தா இறந்த பிறகு பாகம் பிரிக்காமல் அனுபவத்தில் மட்டும் இருந்தால் மாமா, சித்தி எல்லாரும் கையெழுத்துப் போட்டு விடுதலைப் பத்திரமோ பாகப்பத்திரமோ ஆன பிறகுதான் பேங்க் பேசும். பிரிக்காத பங்கை அடமானம் எடுக்க மாட்டார்கள். மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு பக்கம் 1956-க்கு முந்தைய பத்திரங்கள் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி காலத்தவை, பல மலையாளத்தில் இருக்கும். பேங்க் வக்கீல் மொழிபெயர்ப்பு கேட்பார். அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால் லோன் விண்ணப்பத்துக்கு முன்பே செய்து வையுங்கள். பட்டா, புல வரைபடம், 30 வருட வில்லங்கச் சான்று மூன்றிலும் சர்வே எண்ணும் உட்பிரிவும் ஒத்துப்போக வேண்டும். மேற்கே சில கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும். உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் தனி அனுமதி வேண்டும்.

கட்டட அனுமதியில் ஒரு விஷயம். 2024 ஜூலை முதல், மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கும். 2,500 அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட் கூட இல்லை. உங்கள் 7 சென்ட் 3,049 அடி, அதனால் வழக்கமான முறையில்தான் போக வேண்டியிருக்கும். தையில் வாணம் தோண்ட வேண்டுமானால் ஆவணியிலேயே வரைபடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றியும் யோசியுங்கள். செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் அவர் பேரில் எதுவும் இருக்காது. அவர் ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும், நீங்கள் பராமரிக்கவும் பத்திரத்திலேயே எழுதுங்கள். சில பேங்குகள் ஆயுள் உரிமை வாசகத்துக்குத் தயங்கும். எழுதும் முன் வாசகத்தை அவர்கள் வக்கீலிடம் காட்டி, அம்மாவையும் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

கோட்டாறு தம்பி

அண்ணே, வீடு கட்டுறதை ரெண்டு வருஷம் தள்ளி வச்சு, 6 லட்சத்துக்கு ஒத்தி வீடு பிடிச்சா வாடகை 9,500 அப்படியே மிச்சம் ஆகுமே?

பத்திரம் குமரி

தம்பி, கணக்கில் அது நல்ல வழிதான். ஆனால் வெள்ளைத்தாளிலோ நூறு ரூபாய் பத்திரத்திலோ எழுதிய ஒத்திக்குப் பாதுகாப்பு இல்லை. பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டு, ஏற்கெனவே பேங்க் அடமானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வீடு ஏலத்துக்குப் போகும்போது பேங்குக்குத்தான் முதல் உரிமை. இன்னொன்று, கட்டத் தொடங்கும் மாதத்தில் அந்த 6 லட்சம் திரும்பி வர வேண்டும். வேறு ஆள் ஒத்திக்கு வந்தால்தான் தருவேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் உங்கள் அஸ்திவாரம் நிற்கும்.

நாஞ்சில் அக்கா

பார்வதிபுரம் தம்பி, உங்கள் செலவுப் பட்டியலில் சில ஓட்டைகள் தெரிகிறது. எல்கேஜி பிள்ளைக்கு இன்னும் 13 வருடப் படிப்பு இருக்கிறது, கட்டணம் இதே 7,500-இல் நிற்காது. நம் மாவட்டத்தில் நல்ல அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. மார்த்தாண்டம், கருங்கல் பக்கமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே மாற்ற மனம் இருந்தால் பெரிய பாரம் குறையும். மனைவியோடு அந்தப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்த பிறகு டவுனா மார்த்தாண்டமா என்று முடிவு எடுங்கள். வாய்ப்பேச்சில் அவர் சம்மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

இன்சூரன்ஸ் 2,500 எதற்குப் போகிறது? பணம் திரும்பி வரும் பாலிசி என்றால் காப்பீட்டுத் தொகை சிறியதாகத்தான் இருக்கும். சம்பாதிப்பது நீங்கள் ஒருவர்தான், கடனுக்கு மேல் குடும்பத்துக்கும் மிஞ்சும்படி டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தருவது) தனியாக எடுங்கள். லோனோடு சேர்த்துப் பேங்கில் விற்கும் பாலிசி கட்டாயம் இல்லை. அதன் பிரீமியத்தையும் கடனில் ஏற்றி, அதற்கும் 20 வருடம் வட்டி கட்ட வைப்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் சிகிச்சை உண்டா என்று பாருங்கள். பெரிய நோய் என்றால் நம்மூர் ஆட்கள் அங்கேதான் ஓடுகிறோம். அம்மாவுக்கு இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம்தான். மறைத்தால் மொத்தக் கிளெய்மும் போகும்.

சுருளும் கொடை வரியும் சராசரியில் 3,000 என்றாலும், சித்திரை வைகாசியில் கல்யாணம், கொடை, ஜூனில் பள்ளிக் கட்டணம் என்று ஒன்றாக வந்து விழும். மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் அந்த மாதங்களில் இஎம்ஐ தவறாது.

பார்வதிபுரம் வாசி

எல்லாருக்கும் நன்றி. நிலம் அம்மாவுக்குப் பாகப்பத்திரத்தில் தனியாக வந்தது. வழி 10 அடி. டெம்போ போகும், பெரிய லாரி போகாது. இஎம்ஐ 11,500 என்றால் 20 வருடத்துக்குப் பதில் 15 வருடமாகவே எடுத்துவிடலாமா?

கணக்குப்புள்ளை

13.25 லட்சத்துக்கு 15 வருடம் என்றால் இஎம்ஐ 13,050 வரும். உங்களால் முடியும், ஆனாலும் காகிதத்தில் 20 வருடமே எழுதுங்கள். மிதக்கும் வட்டியில் தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வருடம் ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினால் 20 வருடம் பதினாறரை வருடமாகும். கை இறுகும் வருடத்தில் கட்டாமல் விடலாம். 15 வருடம் என்று எழுதிவிட்டால் அந்த வசதி இல்லை. கூடுதல் பணம் கட்டும்போது இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று பேங்கில் எழுதிக் கொடுங்கள்.

தக்கலை சைட்

10 அடி வழின்னா டெம்போவுல மாத்தி ஏத்துற கூலியைத் தனியா ரேட்டு வாங்குங்க, சதுர அடி ரேட்டுக்குள்ள அடைக்க விடாதீங்க. தளம் போடுற நாளுக்கு ரெடிமிக்ஸ் வண்டி வராது. சைட்லேயே மிக்சர் வச்சுத்தான் போடணும், ஜல்லியும் மணலும் முந்தின நாளே உள்ளே இறங்கியிருக்கணும்.