சுவர் அலமாரி வீட்டின் பகுதியா, குடியிருப்பவரின் உடைமையா?

திண்ணைவாசி:
வாடகை உயர்வைப் பற்றிய சென்ற வார இழையில் கருங்கல் அவர்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு செய்தியை யாரும் கண்டுகொள்ளவில்லை. "முதல்நாளே வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினேன்; குடியிருப்பவர் வெளியூரில் இருந்ததால் மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போனேன்; ஓதம் ஏறியிருக்கிறதா என்று படுக்கையறைச் சுவர் அலமாரி வரைக்கும் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்; என் வீட்டைப் பார்க்க எனக்கு எவர் அனுமதி தர வேண்டும்?" என்று எழுதியிருந்தார். மூன்று நாள் பொறுத்தேன். மறுத்துப் பேச ஒருவரும் வராததால் தனி இழை தொடங்குகிறேன். கூரையைப் பார்க்கட்டும், குழாயைப் பார்க்கட்டும், தரையைத் தட்டியும் பார்க்கட்டும். ஆனால் ஒருவர் தம் துணிமணிகளையும் கடிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் வைத்திருக்கும் அலமாரியை அவர் இல்லாத நேரத்தில் திறப்பதற்கும் "வீட்டைப் பார்ப்பது" என்றுதான் பெயரா?

கருங்கல்:
என் சொற்களை இந்த முறையாவது வெட்டாமல் எடுத்துப் போட்டதற்கு நன்றி. முன்பணம் குறித்த இழையில் பாதி வாக்கியத்தை மட்டும் காட்டி வழக்காடியவர் இவர்தான் என்பதை மற்றவர்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அந்த அலமாரி கடையில் வாங்கி வைத்த மரச்சாமான் அன்று. கட்டடம் எழும்பும்போதே சுவருக்குள் கடப்பைக் கல் தட்டுகளைப் பதித்து, பூசி, கதவு போட்டது நான். கீல் என்னுடையது, பூட்டு என்னுடையது, பின்பக்கச் சுவர் என்னுடையது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 108, உட்பிரிவு "எம்" என்ன சொல்கிறது என்று திண்ணைவாசி படித்திருக்கிறாரா? நியாயமான எல்லா நேரங்களிலும் உரிமையாளரோ அவருடைய ஆளோ உள்ளே வந்து சொத்தின் நிலையைப் பார்வையிடக் குடியிருப்பவர் இடம்கொடுக்க வேண்டும் என்கிறது. சுவரின் நிலையைப் பார்க்கப் போனேன். அந்தச் சுவர், அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அலமாரியைத் திறக்காமல் சுவரைப் பார்க்கும் வித்தை எனக்குத் தெரியாது.

சட்டப்புள்ளி:
"எம்" வரை படித்தவர் அதே பிரிவின் "சி"யைத் தாண்டி வந்தது எப்படி என்று தெரியவில்லை. வாடகையை ஒழுங்காகச் செலுத்தி உடன்பாட்டின்படி நடக்கும் குடியிருப்பவர், குத்தகைக் காலம் முழுவதும் குறுக்கீடு இன்றி அந்தச் சொத்தை வைத்திருக்கலாம் என்று உரிமையாளர் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவே கருதப்படும் என்பது அந்த "சி". மேலும், மாறான உடன்பாடோ வழக்கமோ இல்லாதபோதுதான் பிரிவு 108 பொருந்தும் என்று அதன் தொடக்கமே கூறுகிறது. வாடகை குறித்துத் தமிழ்நாட்டுக்கென 2017இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உரிமையாளர் உள்ளே நுழைவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். மாநிலங்கள் பின்பற்றுவதற்காக ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் மின்னணு வழியிலான அறிவிப்பையும் ஏற்கிறது. ஆனால் வருகைக்கான காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்றும், சூரிய உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் நுழையக் கூடாது என்றும் சொல்கிறது. தீ, வெள்ளம் போன்ற அவசர நிலைக்கு மட்டுமே விலக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். "பார்வையிடல்" என்ற சொல்லுக்கு இங்கே நாம் என்ன பொருள் கொள்கிறோம்? அதை முதலில் வரையறுத்துவிட்டு மேலே பேசலாம்.

கருங்கல்:
24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்பினேன் என்பது முதல் பதிவிலேயே இருக்கிறது. பகலில்தான் போனேன். அலமாரி சுவரின் பகுதி.

திண்ணைவாசி:
அனுப்பிய தகவலில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "நாளை வீட்டைப் பார்க்க வருகிறேன்" என்பதோடு முடித்திருந்தால், காரணமும் இல்லை, நேரமும் இல்லை, அலமாரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் அதைப் படித்தாரா என்பதையாவது பார்த்தீர்களா?

கருங்கல்:
நீல நிறக் குறி விழுந்திருந்தது. படித்தவர் மறுக்கவில்லை.

இரண்டாம்தளம்:
மறுக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வீட்டுக்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். தனியாக வாழும் பெண் என்ற முறையில் எழுதுகிறேன். முன்பு குடியிருந்த வீட்டில், ஒரு மாலை வேலை முடிந்து திரும்பியபோது எதுவும் காணாமல் போயிருக்கவில்லை, எதுவும் உடைந்திருக்கவில்லை. அலமாரியில் நான் மடித்து அடுக்கிய வரிசை மட்டும் மாறியிருந்தது. வீட்டுக்காரரைக் கேட்டேன். கறையான் இருக்கிறதா என்று பார்த்ததாகவும், நல்ல மனத்தோடு செய்ததைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். அன்று இரவு நான் செய்த முதல் வேலை, கதவின் உட்புறத் தாழ்ப்பாளைச் சோதித்தது. அதற்குப் பின் அங்கே இருந்த எட்டு மாதமும் வெளியே கிளம்பும்போதெல்லாம் எதை மேலே வைப்பது, எதை அடியில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே கிளம்பினேன். கருங்கல் ஐயாவுக்கு அது சுவர். உள்ளே இருந்தது என் வாழ்க்கை.

கருங்கல்:
அம்மா, உங்களுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. அதை நான் செய்யவில்லை. எவரோ ஒருவர் செய்ததற்கு நான் இங்கே கூண்டில் நிற்க முடியாது. உங்கள் வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்திருக்கிறார். நான் சொல்லிவிட்டுப் போனேன். அவர் துணிகளைக் கலைத்திருக்கிறார். நான் ஒரு துணியைக்கூடத் தொடவில்லை. கதவைத் திறந்தேன், கைவிளக்கை அடித்தேன், மூடினேன்.

வாடகைக்கு இருப்பவர்களின் மனவருத்தத்தைப் பற்றிப் பேச இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். வீட்டுக்காரனின் இழப்பைப் பற்றி எழுத ஒருவரும் இல்லாததால் நானே எழுதுகிறேன். என் வீட்டில் முன்பு குடியிருந்த ஒருவர் அதே அலமாரியில் பழைய செய்தித்தாள்களை அடைத்து வைத்திருந்தார். கறையான் தரையிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு சுவர் வழியே ஏறி, தாளைத் தின்று, கதவு நிலையைத் தின்று, பக்கத்து அறைக் கதவுவரை போய்விட்டது. அவர் அதைப் பார்த்திருந்தும் சொல்லவில்லை. சொன்னால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வேன் என்ற அச்சம். நிலை மாற்றி, மருந்தடித்து, பூசி முடிக்க இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் கடன் தவணை காலியாகக் கிடக்கவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அலமாரியைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தனிமை உரிமை, அந்தரங்க உரிமை என்று சொற்பொழிவாற்றுபவர்களில் ஒருவராவது கறையான் அரித்த நிலைக்குக் காசு கொடுப்பாரா? அலமாரி சுவரின் பகுதி. சுவர் என் பொறுப்பு.

ஈரச்சுவர்:
கட்டடப் பழுதுபார்ப்பு என் தொழில் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முதலில் ஓதம் என்றீர்கள், இப்போது கறையான் என்கிறீர்கள். இரண்டும் வேறு. ஓதம் என்றால் அடித்தளத்திலிருந்து ஈரம் மேலே ஏறுவது. சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூக்கும், பூச்சு உப்பி உதிரும். அது அலமாரிக்கு வருவதற்கு வெகுமுன்பே அறையின் தரையோரத்தில் கண்ணுக்குத் தெரியும். நீர்வரத்துக் குழாயில் கசிவு என்றால், குடியிருப்பவரை எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டர் நகர்கிறதா என்று பார்த்தால் போதும். வீட்டுக்குள் நுழையவே வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாமல் உட்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதால். அதற்கு ஓதம் என்று பெயரே இல்லை. கறையானுக்கு மட்டும்தான் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும். அதையும் குடியிருப்பவரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம்.

கருங்கல்:
எங்கள் பக்கம் எல்லா ஈரத்தையும் ஓதம் என்றுதான் சொல்வோம். தமிழ் வகுப்பு நடத்த வேறு இழை இருக்கிறது.

ஈரச்சுவர்:
தமிழ் வகுப்பு அன்று ஐயா, நோய்க்கணிப்பு. தவறான பெயரைச் சொல்லித் தவறான மருந்தை அடிக்கும் வீட்டுக்காரர்களால்தான் எனக்கு மாதம் முழுவதும் வேலை கிடைக்கிறது. அந்த வகையில் உங்களுக்கு நன்றியே சொல்ல வேண்டும்.

திண்ணைவாசி:
கறையான் கதைக்கு நடுவில் முக்கியமானது நழுவிவிடக் கூடாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனிமையை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். படுக்கையறை அலமாரியைவிடத் தனிமைக்கு நெருக்கமான இடம் வேறு எது?

கருங்கல்:
அடிப்படை உரிமை அரசுக்கு எதிரானது. நான் அரசு அல்லன்.

சட்டப்புள்ளி:
2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பேச்சு முதலிய சுதந்திரங்களைத் தரும் 19, உயிர்வாழ்வையும் தனிமையையும் காக்கும் 21 ஆகிய அரசியல் சாசன உறுப்புகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகக் கூறியது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அத்துமீறலைப் பற்றிப் பேசும்போது, சொத்து எவருக்கு உரிமையானது என்று கேட்கவில்லை. எவருடைய கைவசம் இருக்கிறது என்றே கேட்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டில் உரிமை உங்களிடமும் கைவசம் அவரிடமும் இருக்கின்றன. "பார்வையிடல்" என்பதன் வரையறையை இன்னும் ஒருவரும் தரவில்லை.

கருங்கல்:
அதே பிரிவு, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? "சி"யைத் தாண்டியதாக என்னைக் குத்திக்காட்டியவர் நீங்கள்தானே? என் கையில் இருந்தது கைவிளக்கு. நோக்கம் கறையான். எங்கள் உடன்பாட்டிலும் "உரிமையாளர் வீட்டை ஆய்வு செய்யலாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வீடு என்றால் சுவர். சுவர் என்றால் அலமாரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இழையைத் தொடங்கிய திண்ணைவாசி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தளத்தில், தம் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விடப்போவதாகவும் மாற்றுச் சாவி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டவர்தான். நான்தான் பதில் சொன்னேன். அன்று நன்றி சொன்னார்.

திண்ணைவாசி:
வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்; அதைக் கொண்டு திறந்து பார்க்கலாமா என்று கேட்கவில்லை. சாவி மூடிய உறையில், ஓரத்தில் குடியிருப்பவரின் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது. உறை இதுவரை பிரிக்கப்படவில்லை. படம் வேண்டுமானால் போடுகிறேன்.

கருங்கல்:
உறையைப் பசை போட்டு ஒட்டுபவர்கள் ஆவியில் காட்டிப் பிரித்து மீண்டும் ஒட்டவும் அறிவார்கள்.

திண்ணைவாசி:
இதற்கு மேல் என்ன சொல்வது? தம்மைப் போலவே பிறரையும் நினைக்கிறார்.

இரண்டாம்தளம்:
வீட்டுக்காரர், குடியிருப்பவர் பற்றிய இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம்கூட இதே 24 மணி நேர எழுத்து அறிவிப்பையும் நாளின் நியாயமான வேளையையும்தான் கேட்கிறது. மணிக்கணக்கைச் சட்டம் இயற்றியவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்தபின் கை எதுவரை போகலாம் என்பதைத்தான் இவர்கள் வீட்டுக்காரரின் பண்புக்கு விட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. கருங்கல் ஐயாவிடம் நேராகவே கேட்கிறேன். அலமாரி பூட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கருங்கல்:
பூட்டியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். நான் திருடன் அல்லன்.

இரண்டாம்தளம்:
பூட்டும் உங்களுடையது என்று முதல் பதிவில் எழுதினீர்கள். உங்கள் பூட்டு, உங்கள் சுவர். பிறகு ஏன் திரும்பி வர வேண்டும்?

கருங்கல்:
மரியாதைக்காகத் திரும்பி வருவேன் என்றேன்; உரிமை இல்லாததால் அன்று. இரண்டையும் குழப்ப வேண்டாம். அடுத்த ஆய்வுக்கு முன் "அலமாரியைக் காலி செய்து வைக்கவும்" என்று காரணம், நாள், நேரத்தோடு எழுதியே அனுப்பப் போகிறேன். அப்போது என்ன குறை கண்டுபிடிப்பீர்கள் என்று பார்க்கிறேன்.

திண்ணைவாசி:
ஆக, சென்ற முறை அப்படி எழுதவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கருங்கல்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அலமாரி சுவரின் பகுதி.

ஈரச்சுவர்:
காலி செய்யச் சொல்லும்போது, இரண்டு நாள் கதவைத் திறந்தே வைக்கவும் சொல்லுங்கள். உங்கள் "ஓதம்" பாதி அதிலேயே போய்விடும்.

சட்டப்புள்ளி:
"பார்வையிடல்" என்பதன் வரையறையை மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.