துக்க வீட்டில் வந்த சிரிப்பு எந்தக் கணக்கில் சேரும்?

ஜன்னலோரம்:
வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடம் பணிப்பெண்ணாக இருந்தேன். இப்போது திருச்சியில் வீட்டோடு. போன வாரம் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 2018இல் அட்லாண்டிக் இதழுக்குக் கொடுத்த பேட்டி கண்ணில் பட்டது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். வேலைக்காக உணர்ச்சியை வரவழைப்பதையோ அடக்குவதையோ குறிக்கும் 'உணர்ச்சி உழைப்பு' என்ற சொல்லை வைத்து 1983இல் புத்தகமே எழுதியவர். அதற்காக அவர் போய் உட்கார்ந்து கவனித்தது டெல்டா என்ற அமெரிக்க விமான நிறுவனத்துப் பணிப்பெண்களின் பயிற்சி வகுப்பை. அதாவது எங்கள் சாதியை!

பேட்டியில் அவர், இந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் இழுத்து இழுத்துக் கந்தலாக்கிவிட்டார்கள் என்கிறார். வீட்டுவேலை செய்வது மட்டுமே உணர்ச்சி உழைப்பு ஆகாதாம். சரி. அப்போது என் கதை எதில் சேரும்?

அப்பா இறந்த அன்று வாசலில் நின்றிருந்தேன். ஒருவர் மாலையோடு படியேறினார். என் வாய் தானாக விரிந்தது. பயிற்சியில் கண்ணாடி முன் நின்று பழகிய அதே சிரிப்பு. கை வேறு, உள்ளங்கை மேலே தெரிய, 'வலது பக்கம் போங்க' என்று நீண்டது. சின்ன அத்தை முழங்கையால் இடித்த பிறகுதான் உறைத்தது. அப்போதே வேலையை விட்டு இரண்டு வருடம்.

கரும்பலகை:
சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைத்தால்தான் அவர் கணக்கில் உழைப்பு. வீட்டில், உறவில் செய்வதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். துக்க வீட்டில் எப்படி இருக்கவேண்டும் என்று அத்தை இடித்துச் சொன்னாரே, அதற்கு 'உணர்ச்சி விதிகள்' என்று பெயர். 1979லேயே அதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

முகத்தை மட்டும் மாற்றுவது மேல்நடிப்பு. உள்ளேயே அந்த உணர்ச்சியைக் கிளப்பிக்கொள்வது ஆழ்நடிப்பு. டெல்டாவில் கேட்டது இரண்டாவதை. விமானத்தை உன் வீட்டுக் கூடம் என்று நினை, பயணி உன் விருந்தாளி என்று பாடம். நீண்ட பயணம் முடிந்து உடம்பு ஓய்ந்தாலும் சிரிப்பும் பேச்சும் அடங்காமல் தவிப்பதாக ஒரு பணிப்பெண்ணே அவரிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அது இரண்டு வருடம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூணாம்தவணை:
அக்கா, அந்தப் புத்தகத்தில் எங்க ஆளுங்களும் உண்டு. டெல்டாவின் வசூல் பிரிவு! பணிப்பெண் பயணியைப் பெரிய மனுஷனாக உணரவைக்கணும், வசூல்காரன் கடன்காரனைச் சின்ன மனுஷனாக்கணும். நான் வாகனக் கடன் வசூலில் ஆறு வருஷம். போன மாசம் மகள் கணக்கு நோட்டை நீட்டினாள். 'என்னைக்குத்தான் முடிப்பே, தேதி சொல்லு'ன்னு கேட்டேன். ஏழு வயசுப் பிள்ளை. தேதி சொல்லுச்சு.

ஆவிபறக்குது:
இதுக்கெல்லாம் பேராசிரியர் வேணுமா? எங்கம்மா இருபது வருஷம் இட்லிக்கடை. கடன் சொல்லிட்டுப் போறவங்ககிட்டயும் சிரிச்சாங்க. யாரும் வந்து பேட்டி எடுக்கல.

ஜன்னலோரம்:
@ஆவிபறக்குது, உங்கள் அம்மா சிரித்தது கொஞ்ச நஞ்ச உழைப்பு இல்லை. ஆனால் பிடிக்காத ஆள் வந்தால் 'இட்லி தீர்ந்துபோச்சு' என்று சொல்லலாம். நாங்கள் சொல்ல முடியாது. ஹோக்‌ஷில்ட் மூன்று அடையாளம் சொல்கிறார்: வெளியாளோடு நேரிலோ குரலிலோ தொடர்பு, அவர் மனதில் ஓர் உணர்ச்சியை உண்டாக்கும் கட்டாயம், அதை மேலே ஒருவர் கண்காணிப்பது. மூன்றாவதுதான் விஷயமே. என் சிரிப்புக்கு வருடா வருடம் மதிப்பெண் போட்டார்கள்.

புத்தகத்தில் ஒரு பயணி 'ஏன் சிரிக்கவில்லை' என்று கேட்பார். 'முதலில் நீங்கள் சிரியுங்கள்' என்பாள் பணிப்பெண். அவர் சிரித்ததும், 'அப்படியே பதினைந்து மணி நேரம் வைத்திருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

@மூணாம்தவணை, பாப்பா சொன்ன தேதிக்குள் முடித்தாளா?

அப்புறம், நேற்று அத்தை போன் செய்தார். அந்த மாலைக்காரர் அப்பாவோடு வேலை பார்த்தவராம். இத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு மரியாதையாக யாரும் உட்கார வைத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.