நியூரம்பெர்க் 1768 தாலர்: எடை இடிக்கிறது

நியூரம்பெர்க் நகரக் காட்சியும் இரட்டைத்தலைக் கழுகும் உள்ள 1768 வெள்ளித் தாலர் (பழைய ஜெர்மன் பெருநாணயம்), போன மாதம் அந்த ஊர்ப் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. பத்துக் காசுக்கு ஒரு மார்க் (அக்கால எடை அளவு, சுமார் 234 கிராம்) சுத்த வெள்ளி என்று அதிலேயே பொறித்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி, 833 தரத்தில் (ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி) 28 கிராம் நிற்க வேண்டும். நிற்பது 26.3தான்!

தராசை மாற்றியும் அதே எடை. காந்தம் ஒட்டவில்லை. தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்த அடர்த்தி 10.1, ஆக வெள்ளி சரிதான். நகைக்கடைக்காரரும் உரசிப் பார்த்து "நல்ல வெள்ளி" என்றார். மற்றதில் அவருக்கு அக்கறையில்லை.

உறுத்துவது வேறு. லென்ஸில் கோபுரங்களின் ஓரம் மழுங்கலாக, நடுவே வார்ப்பில் வருவது போன்ற ஊசிமுனைக் குழிகள். விளிம்பின் உச்சியில் அரம் பட்ட தடம். பதக்க வளையத்தைப் பிடுங்கியிருக்கலாம், ஆனால் அதற்கு இவ்வளவு எடையா போகும்?

படங்கள் கீழே. இது அச்சில் அடித்த அசலா, வெள்ளியிலேயே வார்த்த நகலா?