கம்பாக்‌ஷனுக்குச் ‘சுருக்கம்’ வேண்டாம், ‘இடந்திரட்டல்’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில், நினைவகத்தின் காலியிடம் துண்டு துண்டாகிப்போகும் ஃபிராக்மென்டேஷனுக்குத் ‘துண்டாடல்’, அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் மெமரி கம்பாக்‌ஷனுக்குச் ‘சுருக்கம்’ என்று போடலாம் என்கிறீர்கள். இரண்டாவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சுருக்கம் என்றால் கம்ப்ரெஷன், அதாவது தரவை அமுக்கிச் சிறிதாக்குவது. லினக்ஸில் இசட்ராம் (zram) என்ற பகுதி அந்த வேலையைத் தனியாகவே செய்கிறது. கம்பாக்‌ஷனில் ஒரு பைட்கூடக் குறைவதில்லை, நினைவகத்தின் சிறு கூறுகளான பக்கங்கள் (பேஜ்) இருக்கும் இடம்தான் மாறுகிறது.

பல நாள் அணைக்காமல் ஓடிய லினக்ஸ் கணினியில், காலித் தொகுதிகளை அளவுவாரியாக எண்ணிக் காட்டும் பட்டி-இன்ஃபோ (/proc/buddyinfo) கோப்பைத் திறந்து பாருங்கள். இடது ஓரத்தில் தனித்தனி 4 கேபி பக்கங்கள் ஆயிரக்கணக்கில் காலியாக இருக்கும், வலப்பக்கம் போகப்போக எண்கள் சிறுத்து, 4 எம்பி தொகுதிக்கு நேரே பல நேரம் சுழியம்தான் நிற்கும். 2 எம்பி பெரும்பக்கம் ஒன்று வேண்டுமென்றால் 512 பக்கங்கள் அடுத்தடுத்துக் காலியாக இருந்தாக வேண்டும். 29சி பேருந்தின் கடைசி நீள இருக்கையில் ஆளுக்கொரு இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தால், இடமிருந்தும் ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார முடியாதல்லவா, அதே கதை. இங்கே துண்டானது தரவு இல்லை, காலியிடம். அதனால் முதலாவதற்கு ‘இடச்சிதறல்’ என்பேன்.

2010-இல் லினக்ஸ் 2.6.35 பதிப்பில் வந்த கம்பாக்‌ஷன் இதை எப்படிச் சரிசெய்கிறது? நினைவகத்தை வரிசையாகத் துழாவும் ஒரு ஸ்கேனர் கீழ்முனையிலிருந்து நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கிக்கொண்டு மேலேறும், இன்னொன்று மேல்முனையிலிருந்து காலியிடம் தேடிக்கொண்டு இறங்கும், இரண்டும் சந்திக்கும்வரை பக்கங்கள் மேலே குடிபோய்க்கொண்டே இருக்கும். கீழே காலியிடம் ஒன்றாகத் திரளும். ‘இடந்திரட்டல்’ என்று நான் சொல்வது இதைத்தான். ‘ஒதுக்கல்’ என்றும் ஒரு யோசனை வந்தது, நல்ல சொல்தான், ஆனால் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் அலொகேஷனுக்கு ‘ஒதுக்கீடு’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது, குழம்பும்.

அப்புறம், இயங்குதளத்தின் மையமான கர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட பக்கங்களில் பெரும்பாலானவற்றை நகர்த்த முடியாது. அப்படி ஒன்று நடுவில் உட்கார்ந்துவிட்டால் அந்த 2 எம்பி பெரும்பக்கத்துக்கு உதவாது. அதனால்தான் கர்னல் நிரலர் மெல் கோர்மனின் பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்), 2008-இல் வந்த 2.6.24-இல், நகரும் பக்கங்களையும் நகராப் பக்கங்களையும் முதலிலேயே தனித்தனித் தொகுதிகளில் வைக்கப் பார்த்தன. ‘நகரும் பக்கம்’, ‘நகராப் பக்கம்’ இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாம், அதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது இன்டர்னல் ஃபிராக்மென்டேஷன். இடத்தை இரண்டின் அடுக்கு அளவுத் தொகுதிகளாகவே தரும் பட்டி (buddy) முறையில் 33 கேபி கேட்டால் 64 கேபி கிடைக்கும், 31 கேபி உள்ளேயே வீணாகும். இங்கே சிதறல் எதுவும் இல்லை, எனவே ‘உட்சிதறல்’ பொருந்தாது. ‘உள்விரயம்’ சரிவருமா? மாற்று இருந்தால் எழுதுங்கள்.